ஆசிரியர் சங்கத்தின் தேர்தல் ஆதரவு: கலிஃபோர்னியாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி அதிகாரி. விரலில் மை வைக்கலாம், இயந்திரத்துக்கு முத்திரை போடலாம். யாருக்கு ஓட்டு என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது, 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அப்படி. அந்தப் பழக்கத்தோடு வளர்ந்து, இங்கே கிரெடென்ஷியல் (ஆசிரியர் உரிமம்) படித்து முடித்து, ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நம்மவர்களுக்குத் தேர்தல் ஆண்டின் செப்டம்பர் மாதம் கொஞ்சம் வியப்பாக இருக்கும். ஆசிரியர் சங்கத்திடமிருந்து ஒரு தாள் வரும். பள்ளி வாரியத்துக்கு இன்ன இருவர், இன்ன மெஷருக்கு (வாக்காளர்கள் நேரடியாக ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிவு செய்யும் உள்ளூர்த் தீர்மானம்) ‘ஆம்’ என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கும். ‘நமக்கெதுக்கு இந்த வம்பு’ என்று பலரும் அதை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள்.

நான் பல ஆண்டுகளாக என் பள்ளியின் சங்கப் பிரதிநிதி. வேட்பாளர்களை நேர்காணும் குழுவிலும் இருந்திருக்கிறேன். அந்தத் தாளில் எந்தப் பெயர் வர வேண்டும் என்று முடிவு செய்யும் அறையில் எப்போதும் ஆள் குறைவு. உள்ளே வந்து உட்காருகிறவர் சொல்வதுதான் எடுபடும். ஆகவே இந்தக் கட்டுரை அந்தத் தாளை எப்படி வாசிப்பது என்பதோடு நிற்காது, அதை எழுதும் இடத்துக்கு நீங்கள் எப்படிப் போய்ச் சேரலாம் என்பதையும் சொல்கிறது.

முதலில், சங்கம் ஏன் இதில் தலையிடுகிறது

கலிஃபோர்னியாவில் ஒரு பொதுப்பள்ளி ஆசிரியருக்கு முதலாளி யார்? தலைமையாசிரியர் அல்ல, கண்காணிப்பாளரும் அல்ல. பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேர் கொண்ட பள்ளி வாரியம்தான். அவர்களை அந்தந்த டிஸ்ட்ரிக்டில், அதாவது ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் பள்ளி நிர்வாக எல்லைக்குள், வசிக்கும் வாக்காளர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். 1975-இல் வந்த ராடா சட்டம் ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேரம் பேசும் உரிமையைத் தந்தது. அன்றிலிருந்து சம்பளம், மருத்துவக் காப்பீட்டில் டிஸ்ட்ரிக்ட் தரும் பங்கு, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசி எழுதும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்குக் கடைசியில் கை தூக்குகிறவர்கள் வாரிய உறுப்பினர்கள். எதிர்ப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதில் வாக்காளர்களாகவும் குடிமக்களாகவும் ஆசிரியர்களுக்கும் ஒரு குரல் இருக்கிறது. சங்கம் எழுப்புவது அந்தக் குரலைத்தான்.

ஆகவே சங்கத்தின் ஆதரவு நடுநிலையான தீர்ப்பு அல்ல. அது அக்கறை உள்ள ஒரு தரப்பின் கருத்து. ஆனால் அந்தத் தரப்பு வாரியக் கூட்டங்களில் மாதாமாதம் உட்கார்ந்திருக்கிறது, வரவுசெலவுக் கணக்கை வரிக்கு வரி படித்திருக்கிறது. மற்றவர்கள் வேட்பாளரின் சிரித்த முகத்தை மட்டும் பார்க்கும்போது, அவர் முந்தைய நான்கு ஆண்டுகளில் எதற்கெல்லாம் கை தூக்கினார் என்று தெரிந்தவர்கள் அந்தத் தரப்பில் இருக்கிறார்கள். நான் அந்தத் தாளை மதிப்பது அதனால்தான்.

படி 1: உங்கள் சங்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் டிஸ்ட்ரிக்டின் உள்ளூர்ச் சங்கம் அனேகமாக இரண்டு பெரிய கூட்டமைப்புகளில் ஒன்றோடு இணைந்திருக்கும். ஒன்று சி.டி.ஏ., அதாவது கலிஃபோர்னியா ஆசிரியர் சங்கம். சுமார் 3 லட்சம் உறுப்பினர்கள், தேசிய அளவில் என்.இ.ஏ. என்ற தேசியக் கல்விச் சங்கத்தோடு இணைந்தது. மற்றொன்று சி.எஃப்.டி., அதாவது கலிஃபோர்னியா ஆசிரியர் கூட்டமைப்பு. இது ஏ.எஃப்.டி. என்ற அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்போடு இணைந்தது. லாஸ் ஏஞ்சலஸின் யூ.டி.எல்.ஏ., சான் ஃபிரான்சிஸ்கோவின் யூ.இ.எஸ்.எஃப். போன்றவை இரண்டோடும் இணைந்தவை. (சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் சி.டி.ஏ. என்றால் வார இறுதித் தமிழ்ப்பள்ளி நடத்திய கலிஃபோர்னியா தமிழ் அகாடமியும் நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.)

இதில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஆளுநர் தேர்தலிலும் ‘புரொபொசிஷன்’ எனப்படும் மாநில அளவிலான தீர்மானங்களிலும் கூட்டமைப்பின் மாநிலக் கவுன்சில் முடிவெடுக்கும். உங்கள் ஊர்ப் பள்ளி வாரியம், நகர சபை, உள்ளூர் ‘மெஷர்’ ஆகியவற்றில் முடிவு உங்கள் உள்ளூர்ச் சங்கத்தினுடையது. எண் போட்டு வந்தால் மாநிலம், எழுத்து போட்டு வந்தால் உள்ளூர் என்று பொதுவாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் உள்ளூர் விஷயத்தையும் ‘புரொபொசிஷன் ஏ’ என்றே அழைப்பார்கள், குழம்ப வேண்டாம்.

2018-இல் ஜேனஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பொதுத்துறை ஊழியர் எவரும் சங்கத்துக்குக் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் உறுப்பினராகச் சேராதவருக்குச் சங்கத்துக்குள் ஓட்டு இல்லை. ஒப்பந்தம் உங்களையும் கட்டுப்படுத்தும், அதைப் பேசுகிற ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் உங்களுக்கு இடமிருக்காது. சேர்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

படி 2: விசாவைக் கவனியுங்கள்

இதை இரண்டாம் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்களில் பலர் ஹெச்-1பி, ஹெச்-4 வேலை அனுமதியில் கற்பிக்கிறார்கள். அமெரிக்கக் குடிமகனும் அல்லாத, கிரீன் கார்டும் இல்லாத ஒருவர் எந்தத் தேர்தலிலும் வேட்பாளருக்கோ அரசியல் குழுவுக்கோ பணம் கொடுக்கக் கூடாது. மத்தியச் சட்டத்தின்படி உள்ளூர்த் தேர்தலுக்கும் இது பொருந்தும். பணம் கொடுப்பதோடு இந்தத் தடை முடிவதில்லை. ஒரு தொழிற்சங்கம் தேர்தல் பணிக்கு எங்கே, எவ்வளவு செலவிட வேண்டும் என்ற முடிவில் பங்கெடுப்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே விசாவில் இருப்பவர் ஒப்பந்தப் பேச்சுக் குழுவில் தாராளமாக இருக்கலாம், குறைதீர்ப்புக் குழுவில் இருக்கலாம். தேர்தல் ஆதரவுக்கும் தேர்தல் பணத்துக்கும் வாக்கெடுப்பு வரும்போது விலகி நிற்பது நல்லது. சந்தேகம் இருந்தால் கூட்டமைப்பு உங்கள் சங்கத்துக்கு அனுப்பியிருக்கும் முழுநேரப் பணியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சம்பளம் வாங்காத தன்னார்வப் பணிக்கு, அதாவது தொலைபேசியில் பேசுவது, கூட்டத்துக்குப் போவது போன்றவற்றுக்குத் தடை இல்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தப் பணத் தடைகள் கிடையாது, ஓட்டு மட்டும் இல்லை.

ஓட்டு என்றதும் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் வாழும், 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், குடிமகனாக இல்லாவிட்டாலும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். 2016-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ‘புரொபொசிஷன் N’ தந்த உரிமை இது. நீதிமன்றத்தில் ஒருமுறை அடிபட்டு, 2023-இல் மேல்முறையீட்டில் நிலைத்தது. அதற்கென்று தனிப் படிவம் உண்டு. வழக்கமான வாக்காளர் படிவத்தைத் தப்பித்தவறிக்கூட நிரப்பிவிடாதீர்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது பெரும் சிக்கலாகும். பதிவு செய்யும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுவதே பாதுகாப்பு.

படி 3: நாட்காட்டியைப் பிடியுங்கள்

நவம்பர் தேர்தலுக்கான வேட்புமனு தேர்தல் நாளுக்கு 113 நாள் முன்பு தொடங்கி 88 நாள் முன்பு முடிகிறது. அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் பாதி வரை. இப்போது பதவியில் இருப்பவர் மனு போடாவிட்டால் மற்றவர்களுக்கு இன்னும் ஐந்து நாள் கிடைக்கும். வரி மெஷரையும் வாரியம் அதே 88 நாள் கெடுவுக்குள் வாக்குச்சீட்டில் சேர்க்கத் தீர்மானம் போட வேண்டும். இந்த நாட்கள் எல்லாம் ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கும் நாட்கள். பள்ளி திறந்து, வகுப்பறைச் சுவரில் படம் ஒட்டி முடிக்கும் முன்பே நேர்காணல் வந்து நிற்கும். அக்டோபர் தொடக்கத்தில், தேர்தலுக்கு 29 நாள் முன்பிருந்து, மாநிலத்தில் பதிவு நடப்பில் உள்ள ஒவ்வொரு வாக்காளருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் போய்விடும்.

ஆகவே ஏப்ரல், மே மாதத்திலேயே உங்கள் பள்ளியின் சங்கப் பிரதிநிதியிடம் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள். இந்த ஆண்டு எந்த வாரிய இடங்கள் தேர்தலுக்கு வருகின்றன? அரசியல் குழுவில் இடம் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

இன்னொன்று. 2001-இன் கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு பல டிஸ்ட்ரிக்டுகள் ஊர் முழுக்கச் சேர்ந்து வாக்களிக்கும் முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறிவிட்டன. நீங்கள் வேலை செய்யும் டிஸ்ட்ரிக்டில் நீங்கள் வசிக்காமல் இருக்கலாம். வசித்தாலும் உங்கள் பகுதியில் இந்த ஆண்டு தேர்தல் இல்லாமல் இருக்கலாம். சங்கத்துக்குள் உங்கள் ஓட்டு அப்போதும் செல்லும்.

படி 4: கேள்வித்தாளும் நேர்காணலும்

இதுதான் இந்த வேலையின் உயிர். பெரும்பாலான சங்கங்களில் நடைமுறை ஒன்றுபோலவே இருக்கும். மனுச் செய்த எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் போகும். பதில் அனுப்பியவர்களைக் குழு நேரில் அழைக்கும். குழு ஒரு பரிந்துரை தயாரித்து, எல்லாப் பள்ளிகளின் பிரதிநிதிகளும் கூடும் ரெப் கவுன்சிலில் வைக்கும். அங்கே வாக்கெடுப்பு. எத்தனை சதவீதம் தேவை என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். உங்கள் சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், உறுப்பினருக்கு அதைத் தர மறுக்க மாட்டார்கள்.

நேர்காணல் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளியின் நூலகத்தில், மாலையில், வாடகைக்கு எடுத்த அறைபோல முறைப்படி அனுமதி வாங்கி நடக்கும், அல்லது சங்க அலுவலகத்தில். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்போம். நேரம் பார்க்க ஒருவர் கையில் கைபேசி, ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம். வேட்பாளர்கள் எல்லோரும் முதலில் ஒன்றையே சொல்வார்கள்: நான் ஆசிரியர்களை மதிக்கிறேன், என் அம்மாவும் ஆசிரியைதான். அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை. எண்ணைக் கேளுங்கள்.

நான் எப்போதும் முதலில் கேட்பது கையிருப்பைப் பற்றி. 1,001 முதல் 30,000 மாணவர் வரை உள்ள டிஸ்ட்ரிக்ட் தன் செலவில் குறைந்தது 3 சதவீதத்தைக் கையிருப்பாக வைக்க வேண்டும் என்பது மாநில விதி. அதைவிடப் பெரிய டிஸ்ட்ரிக்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 2 சதவீதம். ‘நம் டிஸ்ட்ரிக்டில் இப்போது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும், மிச்சம் இருந்தால் எதற்குச் செலவிடுவீர்கள்?’ என்று கேட்டால், வரவுசெலவுக் கணக்கைப் பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்று ஒரே நிமிடத்தில் விளங்கும். ‘மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லி நகர்கிறவர் உண்டு. ‘டிசம்பர் இடைக்கால அறிக்கையில் இவ்வளவு காட்டினார்கள், ஜூனில் மதிப்பிட்டதைவிட இது கூடுதல், ஏன் என்று கேட்பேன்’ என்கிறவரும் உண்டு. எனக்கு இரண்டாமவர் வேண்டும், அவர் சம்பள உயர்வுக்கு உடனே தலையாட்டாவிட்டாலும்.

அடுத்தது ஆட்குறைப்பு. அடுத்த கல்வியாண்டில் வேலை இருக்காது என்ற முன்னறிவிப்பு, கலிஃபோர்னியாவில் மார்ச் 15-க்குள் ஆசிரியர் கையில் சேர வேண்டும். இறுதி அறிவிப்பு மே 15-க்குள். வேலையில் புதியவர்களான உங்களைத்தான் அது முதலில் தொடும். ‘மார்ச்சில் முன்னெச்சரிக்கையாக நூறு பேருக்கு அனுப்பிவிட்டு மே மாதம் தொண்ணூறு பேரைத் திரும்பக் கூப்பிடும் வழக்கத்தை நீங்கள் ஏற்பீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். புதிய ஆசிரியரின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும்போது அதற்குத் தனி எடை.

சிறப்புக் கல்வி உதவியாளர்கள், அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள், வகுப்பறையில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பற்றியும் கேட்கலாம். வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசும் பிள்ளை எப்படி மதிப்பிடப்படுகிறது என்பதை நம்மைவிட அருகிலிருந்து பார்த்தவர் அந்த அறையில் வேறு யார்?

ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதவியில் இருக்கும் ஒருவரை எதிர்த்து நிற்பவருக்குச் சங்கம் ஆதரவு தந்து, பழையவரே ஜெயித்துவிட்டால் அடுத்த நான்கு ஆண்டும் அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். இதை நினைத்துச் சில சங்கங்கள் யாருக்கும் ஆதரவில்லை என்று முடிவெடுக்கும், அல்லது இருவருக்கும் சேர்த்து ஆதரவு தரும். ஆதரவு தகுதியுள்ளவர் யாரும் இல்லாதபோது ‘யாருக்கும் இல்லை’ என்பது நேர்மையான முடிவு. பயத்தால் மட்டும் எடுத்த முடிவாக அது இருக்கக் கூடாது. ரெப் கவுன்சிலில் எழுந்து ‘காரணம் என்ன?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 5: மெஷர் என்றால் எந்த வகை என்று பாருங்கள்

வேட்பாளரைவிட மெஷரில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் 1978-இன் புரொபொசிஷன் 13. சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் அடக்கி, ஒருவர் கையில் இருக்கும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்தது அது. குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்கு வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும் என்றும் சொன்னது. அதன்பின் பள்ளிக்குக் கூடுதல் பணம் வேண்டுமென்றால் உள்ளூரில் முக்கியமாக இரண்டு வழிகள்.

ஒன்று பாண்டு, அதாவது கடன்பத்திரம். கட்டடம் கட்ட, கூரை மாற்ற, குழாய் பதிக்க. 2000-இல் வந்த புரொபொசிஷன் 39 இதற்கான வரம்பை 55 சதவீதமாகக் குறைத்தது. பதிலுக்குச் சில நிபந்தனைகள்: என்னென்ன வேலை என்று பட்டியல் தர வேண்டும், குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைக்க வேண்டும், ஆசிரியர் சம்பளத்துக்கு ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘பாண்டுக்கு ஓட்டுப் போட்டோமே, இன்னும் ஏன் சம்பளம் போதவில்லை என்கிறீர்கள்?’ என்று பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள்.

மற்றொன்று பார்சல் வரி. ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுதோறும் இவ்வளவு என்று பெரும்பாலும் ஒரே தொகை. இதிலிருந்து சம்பளம் தரலாம். வாரியம் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு தேவை. பொதுமக்கள் கையெழுத்துச் சேகரித்துக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் போதும் என்று பல மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவின் கதையே இதற்கு நல்ல பாடம். 2018 ஜூனில் மனைக்கு 298 டாலர் வரி, ஆசிரியர் சம்பளத்துக்காக, கையெழுத்து வழியாக வந்தது. சுமார் 61 சதவீதம் ஆதரவு கிடைத்தும் வழக்கில் சிக்கியது. வழக்கு முடியும்வரை காத்திராமல், 2020 நவம்பரில் 288 டாலராகக் குறைத்து மறுபடி கொண்டுபோனார்கள். இம்முறை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆதரவு, வழக்குக்கே வேலையில்லாமல் போயிற்று.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது வேறு. 2019 ஜனவரியில் யூ.டி.எல்.ஏ.வின் ஆறு நாள் வேலைநிறுத்தத்துக்கு ஊரே ஆதரவாக நின்றது. மழையில் குடை பிடித்துக்கொண்டு பெற்றோரும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். அந்தச் சூட்டில் ஜூனில் மெஷர் இ.இ. வந்தது, கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 16 சென்ட். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பாதிகூடக் கிடைக்கவில்லை. ஜூன் மாதத் தனித் தேர்தலுக்கு வந்து வாக்களித்தவர்கள் மிகக் குறைவு. வணிக அமைப்புகளின் எதிர்ப்பும் பலமாக இருந்தது. சங்கத்தில் ஒரு மெஷருக்கு ஆதரவு கேட்டு வரும்போது ‘நல்ல நோக்கமா?’ என்பதோடு ‘எந்தத் தேர்தலில், எவ்வளவு சதவீதத்துக்கு?’ என்றும் கேட்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வாசிக்க வேண்டியது மாவட்ட (கவுண்டி) தேர்தல் அலுவலகம் அனுப்பும் தகவல் புத்தகம். அதில் மெஷரின் முழு வாசகமும், சார்பற்ற சட்ட விளக்கமும், ஆதரவாகவும் எதிராகவும் 300 சொல்லுக்குள் வாதங்களும் இருக்கும். ஒவ்வொரு வாதத்தின் கீழும் ஐந்து பேர்வரை கையெழுத்திடலாம். சங்கத் தலைவரின் பெயர் அங்கே இருந்தால் சங்கம் தன் பெயரையே பணயம் வைத்திருக்கிறது என்று பொருள். முதியவர்களுக்கு விலக்கு உண்டா, வரி எத்தனை ஆண்டுக்கு என்பதை முழு வாசகத்தில் தேடுங்கள். வீடுவீடாகப் போகும்போது கேட்கப்படும் முதல் இரண்டு கேள்விகளும் அவைதான்.

படி 6: பள்ளிக்குள் என்ன செய்யக் கூடாது

கல்விச் சட்டத் தொகுப்பின் 7054-ஆம் பிரிவு: டிஸ்ட்ரிக்டின் பணம், பொருள், சேவை எதையும் வேட்பாளருக்கோ மெஷருக்கோ ஆதரவு தேடப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் குற்ற வழக்கே வரலாம். நடைமுறையில் இதன் பொருள்: பள்ளி மின்னஞ்சலில் ‘இவருக்கு ஓட்டுப் போடுங்க’ என்று ஒரு வரிகூட அனுப்பாதீர்கள், தலைப்பில் சிரிப்புப் படம் போட்டாலும். பள்ளி நகல் இயந்திரத்தில் ஒரு தாள்கூட எடுக்காதீர்கள். 2009-இல் சான் லியாண்ட்ரோ ஆசிரியர் சங்க வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், ஆசிரியர்களின் பள்ளி மெயில்பாக்ஸில் வேட்பாளர் ஆதரவுத் துண்டறிக்கை போடுவதையும் டிஸ்ட்ரிக்ட் தடுக்கலாம் என்றது. பாடம் நடத்தும் நேரத்தில் தேர்தல் பேட்ஜ் அணிவதையும் தடுக்கலாம் என்று அதற்கு முன்பே 1996-இல் சான் டியாகோ வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

சொந்தக் கைபேசி, சொந்த மின்னஞ்சல், வேலை நேரத்துக்கு வெளியே. இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் எந்த ஊர்க்காரரையும்போலப் பேசலாம். ஆனால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடமும், பெற்றோர் சந்திப்பிலும் வேண்டாம். அங்கே நீங்கள் மதிப்பெண் போடும் இடத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொரு இடமும் இருக்கிறது, நம்மவர்கள் எளிதில் தவறும் இடம். தமிழ்ச் சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில், பி.டி.ஏ. ஆகியவை பெரும்பாலும் 501(சி)(3) வகை வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள். மெஷரில் அளவோடு நிலைப்பாடு எடுக்கலாம், வேட்பாளருக்கு ஆதரவு தரவே கூடாது. பொங்கல் விழா மேடையில் ஒரு வாரிய வேட்பாளரை ஏற்றி ‘நம்ம ஆளு’ என்று அறிமுகம் செய்தால் அமைப்பின் வரிவிலக்கே ஆட்டம் காணும். எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரே அளவு நேரம் தரும் கலந்துரையாடல் நடத்தலாம். அது நல்ல யோசனையும்கூட.

படி 7: பணம் எங்கே போகிறது

ஆதரவு என்பது பெயரோடு முடியாது, செலவும் வரும். சி.டி.ஏ. உறுப்பினரின் சந்தாவில் ஒரு பகுதி அரசியல் கணக்குக்குப் போகும். வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துப் பொதுக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம், சந்தா தொகை குறையாது. யூ.டி.எல்.ஏ.வின் பேஸ் நிதி போன்றவை நீங்கள் கையெழுத்திட்டால்தான் பிடிக்கப்படும். எது உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

செலவு இரண்டு வகை. வேட்பாளருக்கே கொடுப்பது ஒன்று. வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனியாகத் துண்டறிக்கை, விளம்பரம் போடுவது இன்னொன்று. நகர, மாவட்ட வேட்பாளர்களுக்கு 2021 முதல் மாநிலம் நன்கொடை வரம்பு வைத்திருக்கிறது. இரண்டாவது வகைச் செலவுக்கு அந்த வரம்பு பொருந்தாது. 2017-இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வாரியத் தேர்தலில் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் புரண்டது. சார்ட்டர் ஆதரவாளர்கள் அதிகம் செலவிட்டார்கள், சங்கம் ஆதரித்த வாரியத் தலைவர் ஸ்டீவ் ஜிம்மர் தோற்றார். சங்கங்களின் பணபலத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது ரகசியமல்ல. 1974-இன் அரசியல் சீர்திருத்தச் சட்டப்படி 2,000 டாலரைத் தொட்ட குழு பதிவு செய்து, படிவம் 460-இல் வரவு செலவு காட்ட வேண்டும். பள்ளி வாரிய வேட்பாளரின் படிவம் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கிடைக்கும். நேர்காணலுக்கு முன் அதை ஒரு முறை புரட்டுங்கள். வீட்டுமனை நிறுவனம், மென்பொருள் விற்பனையாளர், சார்ட்டர் குழு என்று பெயர்கள் தென்பட்டால் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும்.

தபாலில் வரும் பளபளப்பான அட்டைகளில் ஒரு எச்சரிக்கை. ‘கல்வியாளர்கள் வழிகாட்டி’ என்பதுபோன்ற தலைப்போடு பல பெயர்கள் வரிசையாக இருக்கும். சில பெயருக்குப் பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி தெரியும். அவர்கள் அந்த இடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் என்று சட்டப்படி போட்ட குறி அது. சங்கத்தின் உண்மையான பட்டியலா என்று அறிய, அட்டையின் ஓரத்தில் யார் பணத்தில் அச்சிட்டது என்ற வரியைப் படியுங்கள், அப்படியும் ஐயமென்றால் சங்க அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

படி 8: முடிவான பிறகு

ஆதரவு தீர்மானமானதும் வேலை தொடங்குகிறது: மாலை நேரத் தொலைபேசி, சனிக்கிழமை காலையில் வீதி நடை. தமிழ் பேசும் வீடுகள் நிறைந்த அடுக்ககங்களில் உங்கள் மதிப்பு அப்போது தெரியும். கதவைத் திறந்தவுடன் ஆங்கிலத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயெடுத்த அக்கா, ‘பக்கத்து ஸ்கூல்ல டீச்சர்ங்க’ என்று தமிழில் கேட்டதும் நின்று பேசுவார். ‘நாங்க வாடகைக்கு இருக்கோம், இந்த வரி எங்களுக்கு வருமா?’ என்பார். நேரடியாக வராது, வீட்டுக்காரருக்கு வரும், வாடகையில் ஏற்றலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ‘ஓட்டே இல்லைங்க’ என்பார். பரவாயில்லை, வாரியக் கூட்டத்தில் பேச ஓட்டு தேவையில்லை என்று சொல்லி, கூட்டத் தேதியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சங்கத்தின் முடிவோடு நீங்கள் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் சொந்த ஓட்டை யாருக்குப் போட்டீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. 2022 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி வாரியத்தின் மூவரைத் திரும்ப அழைக்கும் தேர்தல் வந்தபோது யூ.இ.எஸ்.எஃப். அதை எதிர்த்தது. வாக்காளர்கள் மூவரையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து வெளியே அனுப்பினார்கள். அவர்களில் ஆசிரியர்களும் இருந்திருப்பார்கள். கருத்து வேறுபாட்டை ரெப் கவுன்சிலில் சொல்லிவிட்டு, வாக்குச்சீட்டில் மனச்சாட்சிப்படி குறிப்பது முறையானதுதான்.

வென்ற உறுப்பினர்கள் டிசம்பர் மாதத்தின் இரண்டாம் வெள்ளியன்று பொறுப்புக்கு வருகிறார்கள். அதையொட்டி நடக்கும் முதல் கூட்டத்துக்குப் போங்கள். அவர்கள் பூர்த்தி செய்து அனுப்பிய கேள்வித்தாளின் நகலை முன்பே சங்கத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பெரிய வாக்கெடுப்பு மார்ச் 15-க்கு முன், ஆட்குறைப்புத் தீர்மானத்தின் மீது. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் பொதுவில் வந்துவிடும். பேச விரும்புகிறவர் ஒரு சிறு அட்டை நிரப்பிக் கொடுத்தால் போதும், பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். கேள்வித்தாளில் ஆட்குறைப்பு பற்றி அவர் எழுதிய பதிலை, அவர் எழுதிய சொல்லிலேயே, அன்று வாசியுங்கள்.